தக்காளிப் புழுவும் கான்சர் கணக்கும்

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்களைக் கேளுங்கள். காய்ப்புழுவுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால்? 'முதல்ல சாகும், அப்புறம் மருந்தைக் குடிச்சிட்டு ஏப்பம் விடும்' என்பார்கள். மருந்துக்கு மசிகிற புழுவெல்லாம் செத்துப்போக, மசியாத நாலு மட்டும் போட்டிக்கு ஆளில்லாமல் பெருகுகிறது.

கான்சரிலும் இதே கதைதான் என்கிறார், அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் மாஃபிட் புற்றுநோய் மையத்து டாக்டர் ராபர்ட் கேட்டன்பி. 1920-களில் வோல்டெரா என்கிற இத்தாலியக் கணித மேதை, கடல் மீன்கள் பெருகிக் குறைவதற்குச் சமன்பாடுகள் எழுதினார். கேட்டன்பி குழு அந்த வகைக் கணக்கில் மீனுக்குப் பதில் புற்றுச் செல்லைப் போட்டது. விடை: 'எல்லாவற்றையும் கொல்லாதே! மசிகிற செல்லைக் கொஞ்சம் விட்டுவை. அது மசியாததை அமுக்கி வைக்கும்.'

முற்றிய ப்ராஸ்டேட் கான்சரில் சோதித்தார்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்தால் மாத்திரை நிறுத்தம். பழைய அளவுக்கு ஏறினால் மறுபடி ஆரம்பம். 2022-ல் வந்த முடிவு: நிறுத்தாமல் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு 14 மாதத்தில் நோய் மீறியது. விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களில் அதற்கு 33 மாதம் ஆனது. மருந்துச் செலவும் ஏறக்குறைய பாதி!

இருந்தாலும், இரண்டு பக்கமும் சேர்த்து 33 பேர்தான். பெரிய சோதனைகள் தேவை. அதனால், 'பத்திரிகைல போட்டிருக்கான்' என்று தாத்தாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்தி வைக்காதீர்கள். அங்கே நிறுத்தச் சொன்னது ரத்தப் பரிசோதனையும் கணக்கும். மாத்திரை கசக்கிறது என்பதல்ல.