பெயர் மாறினால் போதுமா?

மனிதனுக்குப் போலீசார் வைக்கும் பெயர்களைப் பற்றி நாம் இன்று சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் செய்து, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய சட்டம், பல ஜாதியாரைக் "குற்றப் பரம்பரை" என்றது. அன்று பிறந்த குழந்தைக்கும் அதுவே பெயர்! 1947-ல் அச்சட்டம் இங்கு ஒழிந்தது. 1948-லேயே "வழக்கமான குற்றவாளிகள்" சட்டம் வந்தது. ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் "கே.டி." என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்தால் குறிக்கப்பட்டவன் ஊரார் வாயில் "கேடி" ஆனான். பிறகு அந்த ஜாதிகளுக்குச் "சீர்மரபினர்" என்று பெயர் வந்தது. இப்போதோ, "விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர்" என்று வெகு மரியாதையாக எழுதுகிறார்கள். மெத்த சந்தோஷம்!

ஆனால் தோழர்களே, இந்த மரியாதைக்குள் இருக்கும் சூழ்ச்சியைக் கவனியுங்கள். "கைது" என்று எழுதினால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். "விசாரணை" என்று சொல்லிவிட்டாலோ, மணிக்கணக்கும் இல்லை, கேள்வியும் இல்லை!

1992-ல் சிதம்பரத்தையடுத்த அண்ணாமலை நகர் ஸ்டேஷனுக்கு விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்ட ஒருவர் பிணமானார். அவர் மனைவிக்கு அங்கே நேர்ந்த கொடுமையை எழுதக் கை கூசுகிறது. 1993-ல் கடலூரைத் தலைநகராகக் கொண்ட அதே ஜில்லாவில், முதனை கிராமத்துக் குறவர் ஒருவர் கம்மாபுரம் ஸ்டேஷனுக்கு இழுத்துச் செல்லப்பட்டார். மனைவி கேட்டபோது "தப்பியோடிவிட்டான்" என்றார்கள். அவரோ அடிபட்டு மாண்டிருந்தார். வக்கீல் சந்துரு ஐகோர்ட்டில் நடத்திய ஆட்கொணர்வு வழக்கால் உண்மை வெளிவந்தது; 2006-ல் போலீசார் தண்டனையடைந்தார்கள். அந்த அம்மையார் "தப்பியோடிவிட்டான்" என்ற சொல்லை நம்பி வீடு திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

2024-ல் சுப்ரீம் கோர்ட்டே, சிறை விதிகளில் ஜாதி கூடாதென்று சொல்லி, சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாதென்றும் போலீசாரை எச்சரிக்க வேண்டியிருந்தது. 153 வருஷமாகியும் பழைய புத்தி போகவில்லை என்பதற்கு வேறென்ன ருசு வேண்டும்?

ஆகவே நாம் சொல்வது இதுதான். உங்கள் தெருவில் எவரையேனும், அவர் எந்த ஜாதியானாலும், அழைத்துப் போனால், "கைதா, விசாரணையா? எழுத்து மூலமான உத்தரவு எங்கே?" என்று பலராய்ப் போய்க் கேளுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். மரியாதைச் சொல் நமக்கு வேண்டியதுதான். அந்தச் சொல்லுக்குரியவர் உயிரோடு வீடு திரும்புவது அதைவிட வேண்டியது.