கோல் போடாதவனும் வீரனே



தோட்டத் திடலில் பந்து உருளத் தொடங்கியதும் சிறுவர் அனைவரும் ஈக்கள் மொய்ப்பதுபோல் அதன் பின்னால் ஓடுகின்றனர். கோல் போடவே எல்லாருக்கும் ஆசை. "என் மகனை ஏன் பின்னால் நிறுத்தினீர்கள்?" என்று வருந்தும் பெற்றோரும் உளர். பின்னால் நிற்பவன் திறமை குறைந்தவன் என்னும் எண்ணம் முற்றிலும் தவறானது என்பதே என் கருத்து.

1872ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் அனைத்துலக ஆட்டத்தில், இரு குழுக்களும் ஆறு பேருக்குக் குறையாமல் முன்னணியில் நிறுத்தின. ஆயினும் ஒரு கோல்கூட விழவில்லை! முன்னணியில் கூட்டம் சேர்ந்தால் மட்டும் வெற்றி வந்துவிடாது. காலப்போக்கில் ஆட்டக்காரர் பலர் பின்னுக்கு மாற்றப்பட்டனர். 1958இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிரேசில், தற்காப்பில் நால்வரையும் நடுத்திடலில் இருவரையும் முன்னணியில் நால்வரையும் நிறுத்தியது. இதுவே 4-2-4 எனப்படும் வியூகம். பின்னாலிருந்து எண்ணுவதே முறை. கோல் காவலர் இக்கணக்கில் சேரார்.

தற்காப்பாளர் எதிரியை மறிக்கின்றார். நடுத்திடல் ஆட்டக்காரர் பந்தைப் பெற்று, தக்க இடம் நோக்கி அனுப்புகின்றார். ஓரத்தில் ஆடுபவர் எதிரணியின் தற்காப்பை அகலச் செய்து வழி திறக்கின்றார். இவர்கள் அனைவரின் உழைப்பும் சேர்ந்தே முன்னணி வீரரின் காலில் கோலாகக் கனிகின்றது.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்று. 1980இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. அரசு அப்போட்டியைப் புறக்கணித்ததால் குழு செல்லவில்லை. எனினும் அக்குழுவைப் பற்றிப் பேசுவோர், தற்காப்பு அரண்களாகிய சோ சின் ஆன், சந்தோக் சிங் இருவரையும், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர் பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தையும் இன்றும் போற்றுகின்றனர். 1988இல் மறைந்த ஆறுமுகம் புகழ் பெற்றது கோல் போட்டதனால் அன்று; கோலைக் காத்ததனால்!

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர், உதிரிப் பழம் பொறுக்குபவர், லாரியில் ஏற்றுபவர் என மூவரும் வேண்டும். ஒருவர் இல்லையெனினும் வேலை முடங்கும். தோட்ட மக்கள் நாள்தோறும் காணும் இவ்வுண்மையைத் திடலில் மட்டும் மறக்கலாமா?

ஆகவே பெற்றோர்களே, திடலோரம் நின்று "முன்னால் ஓடு" என்று கூவாதீர்கள். தன் இடத்தை விட்டு அகலாமல் பந்தைத் தடுத்த மகனையும் கைதட்டிப் பாராட்டுங்கள். மாணவர்களே, உங்களுக்குரிய இடம் எதுவாயினும் அங்கே சிறந்து விளங்குங்கள்!