கரும்பலகையில் செய்த தப்பும் காரில் செய்த தப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் மகள் கார் ஓட்ட, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும் முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள், வேகம் குறையவில்லை. "அப்பா, இழுத்துக்கிட்டே போகுதுப்பா!" என்றாள். "பிரேக்கை விடாம அழுத்து, கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டு வா" என்றேன். இன்ஜின் அலறியது, ஆனால் வண்டி ஓரமாக நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், இருந்த மேட்டின் மேல் நாங்கள் கூடுதலாகப் போட்டிருந்த ரப்பர் மேட் முன்னால் நகர்ந்து பெடலைப் பிடித்திருந்தது. தப்பு எங்களுடையதுதான்.

சிதம்பரத்தில் மெக்கானிக்காக இருக்கும் என் பழைய மாணவனிடம் வண்டியைக் காட்டினேன். "சார், செகண்ட் ஹேண்ட் வண்டிதானே? ரீகால் ஏதாவது பாக்கி இருக்கான்னு பார்த்தீங்களா?" என்றான். கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டோம். மேட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பழுதுக்காக, எங்கள் கார் இரண்டு வருடமாகத் திரும்ப அழைக்கப்பட்டுக் கிடக்கிறது! கடிதம் புதுச்சேரியில் இருக்கும் முதல் சொந்தக்காரருக்குப் போயிருக்கிறது. பிறகு எடுத்துப் போனதும் பைசா வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள்.

அன்று இரவு எனக்கு ஒரு பழைய வகுப்பு நினைவுக்கு வந்தது. பிளஸ் டூவுக்கு லென்ஸ் சூத்திரம் எழுதும்போது கழித்தல் குறிக்குப் பதில் கூட்டல் குறி போட்டுவிட்டேன். மறுநாள் வகுப்பில், "நேற்று நான் எழுதியது தப்பு, நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்" என்றேன். மஞ்சள் காமாலையால் அன்று வராத ஒரு மாணவி, தோழியின் பழைய நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, அரையாண்டுத் தேர்வில் அதையே எழுதி மதிப்பெண் இழந்தாள். நான் திருத்தினேன், திருத்தம் அவளைச் சேரவில்லை. அதற்கு யார் பொறுப்பு? நான்தான்.

ரீகாலும் அப்படித்தான். "ரீகால் வந்த வண்டியா, மட்டம்" என்று சொல்கிறோமே, அது சரியில்லை. தப்பை ஒத்துக்கொள்பவனை நம்பலாம்; மறைப்பவனைத்தான் நம்பக்கூடாது. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் காரில் பொருந்தாத மேட் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் இறந்தார்கள். அதன்பின் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. நாசா ஆராய்ந்தது, எலக்ட்ரானிக் கோளாறுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2011-இல் முடிவு வந்தது. ஆனாலும் 2014-இல் டொயோட்டா 120 கோடி டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது. பழுது வந்ததற்காக அல்ல, அதைப் பற்றி மக்களுக்கு உண்மையைச் சொல்லாததற்காக.

நம் நாட்டில் 2012 முதல் கம்பெனிகள் தாமாக முன்வந்து ரீகால் செய்யும் நடைமுறை இருந்தது. 2013-இல் ஃபோர்டு, சென்னை ஆலையில் தயாரான ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிகோ, கிளாசிக் கார்களைத் திரும்ப அழைத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புப் பழுது இருந்தால் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம்; ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சட்டம் வந்தது நல்லது. ஆனால் கார் கைமாறிக்கொண்டே இருக்கிறது. புதுச்சேரியில் பதிவான எத்தனை வண்டிகள் நம் கடலூர்த் தெருக்களில் ஓடுகின்றன! பெயர் மாற்றும்போது புதிய சொந்தக்காரர் விவரம் அரசின் வாகன் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அப்படியானால் கடிதமும் அவருக்குத்தானே போக வேண்டும்? ஆர்டிஓ அலுவலகத்தில் பெயர் மாற்றும்போதும், ஆண்டுதோறும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் "ரீகால் பாக்கி உள்ளதா?" என்று பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கடிதம் அனுப்பிவிட்டோம் என்பதோடு கம்பெனியின் கடமை முடியக்கூடாது. வண்டி சரியான பிறகுதான் முடிய வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது:

ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துப் பாருங்கள்.

மேட்டின் மேல் மேட் போடாதீர்கள்.

வண்டி தானாக வேகமெடுத்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தாக அழுத்தி நியூட்ரலுக்கு மாற்றுங்கள். ஓடும்போது சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பார்த்துவிட்டு "பார்த்தாச்சு சார்" என்று கமெண்டில் ஒரு வரி போடுங்கள். அன்றைக்கு வகுப்புக்கு வராத அந்த மாணவி இதைப் படித்தால், அம்மா, நீயும் போடு. இந்தத் திருத்தமாவது உன்னைச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.