வீர இனம் என்றொரு பொய்க்கணக்கு



பஞ்சாப் ரெஜிமெண்டு என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண் முன் தோன்றுவது யாது? கோதுமை வயலும், ஐந்து ஆறுகளும், நெடிய உருவமும், முறுக்கிய மீசையும்! நாடு துண்டாடப்பட்டபோது பழைய பஞ்சாப் ரெஜிமெண்டுகளும் பங்கு போடப்பட்டன. 1-வது பஞ்சாப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 2-வது பஞ்சாப் இந்தியாவுக்கு வந்தது. அவ்விரண்டின் பிறப்புச் சீட்டையும் சற்றே புரட்டிப் பாருங்கள். முன்னதன் மூத்த பட்டாலியன் 1759-ல் திரட்டப்பட்டது. பின்னதன் மூத்த பட்டாலியன் 1761-ல். திரட்டியது எங்கே? சட்லெஜ் கரையிலா? ஜீலம் கரையிலா? அல்ல, அல்ல! சோழமண்டலக் கரையிலே! கும்பினியான் சென்னையிலே அமர்ந்துகொண்டு திரட்டிய கரையோரச் சிப்பாய்களே அவற்றின் மூதாதையர்.

கடற்கரைப் பட்டாளம் கோதுமை நாட்டுப் பட்டாளமானது எங்ஙனம்? மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எண்ணை வைத்துக்கொண்டு ஆளை மாற்றினார்கள், அவ்வளவுதான். 1903-ல் கிச்சனர் பிரபு தலைமைத் தளபதியாக இருந்தபோது சென்னைப் படையின் 2-வது பட்டாலியன் 62-வது பஞ்சாபியாயிற்று. 7-வது பட்டாலியன் 67-வது பஞ்சாபியாயிற்று. கொடி இருந்தது, விருது இருந்தது, வரலாறு இருந்தது. அந்த வரலாற்றைப் படைத்தவனின் பேரப்பிள்ளைக்கு மட்டும் அங்கே இடமில்லை!

ஏன் இடமில்லை என்று கேட்டால், 'வீர இனம்' என்றொரு தத்துவத்தை எடுத்து நீட்டினான் வெள்ளையன். அதன் தலைமைப் பூசாரி ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படைக்கும் தலைமை தாங்கியவர். 1897-ல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவர் சொல்லும் காரணம் கேளுங்கள்: தெற்கே நெடுங்காலம் அமைதி நிலவியதாம், வளம் பெருகியதாம், அதனால் சென்னைச் சிப்பாயின் போர்க்குணம் மங்கிவிட்டதாம்!

நன்று, பிரபுவே, நன்று! அமைதி நிலவினால் வீரம் மங்கும், போர் வந்தால் வீரம் வளரும் என்றால், வீரம் பிறப்பிலே இல்லை, பயிற்சியிலே இருக்கிறது என்பதை நீரே ஒப்புக்கொண்டுவிட்டீர். பிறகு இனம் எங்கிருந்து வந்தது? இரத்தம் எங்கிருந்து வந்தது? எழுதிய கையாலேயே தம் வழக்கை அவர் கொன்றுவிட்டார். எனினும் தீர்ப்பு மட்டும் நிறைவேறியது.

இங்கே ஒரு சொல். கும்பினிக்குக் கூலிக்குச் சுட்டவர்களுக்காகவா இத்தனை வக்காலத்து என்று தோழர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1857-ல் வடக்கே பட்டாளங்கள் பற்றியெரிந்தபோது சென்னைப் படை பெரும்பாலும் எசமானன் பக்கமே நின்றது; அதிலே நமக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் 1806-ல் வேலூர்க் கோட்டையிலே துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தவர்களும் சென்னைச் சிப்பாய்களே. எழுந்த பட்டாலியன்களைப் பட்டியலிலிருந்து அடித்தான். அடங்கி நின்ற பட்டாலியன்களையும் அரை நூற்றாண்டுக்குள் அடிக்கத் தொடங்கினான். எதிர்த்தவனுக்கும் கலைப்பு, ஏவல் செய்தவனுக்கும் கலைப்பு! விசுவாசத்துக்குக் கிடைத்த வெகுமதி அது.

முதல் உலகப் போர் முடிந்தது. 1922-ல் காலாட்படை முழுவதையும் கலைத்து அடுக்கி, கூர்க்கா நீங்கலாக இருபது பெரிய ரெஜிமெண்டுகளாக்கினார்கள். எஞ்சிய சென்னைப் பட்டாலியன்களைச் சேர்த்து 3-வது மதராஸ் ரெஜிமெண்டு என்று பெயரிட்டார்கள். பெயரிட்ட கையோடு குழியும் வெட்டினார்கள். இஞ்ச்கேப் குழுவின் சிக்கனக் கோடரி ஓங்கிய காலம் அது. கோடரி எங்கே விழவேண்டும் என்பதைத் தத்துவம் முன்னரே குறித்து வைத்திருந்தது. ஒவ்வொரு பட்டாலியனாக வீழ்ந்தது. 1928-க்குள் அந்த ரெஜிமெண்டே இல்லாதொழிந்தது. 1758-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஒழுங்குபடுத்திய காலந்தொட்டு இருந்துவந்த நிலையான காலாட்படை, ஏட்டின் ஒரு கீறலில் மறைந்தது.

'டாங்காவை மறந்துவிட்டீரோ?' என்பார்கள், படைத்துறை ஏடுகளைப் படித்தவர்கள். மறக்கவில்லை. 1914 நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில், தம்மினும் மிகச் சிறிய ஜெர்மன் படையின்முன் 63-வது பாளையங்கோட்டைப் பட்டாளம் சிதறி ஓடியது. உண்மை. மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் அதே டாங்காவில், அதற்கு முந்தைய நாளே, 13-வது ராஜபுத்திரப் பட்டாளமும் நிலைகுலைந்து பின்வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நகரை வேவு பார்க்காமலே படையை இறக்கிய ஆங்கிலத் தளபதியைப் பற்றியும் சொல்லுங்கள். போருக்குப் பின் பாளையங்கோட்டையின் பெயர் அழிந்தது. ராஜபுத்திரர் பெயரோ 1922-ல் ஒரு முழு ரெஜிமெண்டின் பெயராக ஓங்கி நின்றது. ஒருவன் சறுக்கினால் தற்செயல். மற்றவன் சறுக்கினால் இனக்குணம்! ஓரவஞ்சனைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பட்டாளத்தில் இடம் என்பது வெறும் பெருமை அன்று, தோழர்களே. அது மாதச் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம். பஞ்சாபிலே கால்வாய்ப் பாசனக் குடியேற்றங்களில் சிப்பாய்க்கு நிலம் அளந்து கொடுத்தார்கள். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் படையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வாக்குச் சீட்டும் கிடைத்தது. சொத்தில்லாதவன் வாக்காளனாவதற்கு இருந்த சில வழிகளில் அது ஒன்று. அந்த வாயிலைத்தான் அடைத்தார்கள். 1930-ல் வெளிவந்த சைமன் குழு அறிக்கையின் கணக்கைப் பாருங்கள். சுமார் 1,58,000 இந்தியப் போர்வீரர்களில் பஞ்சாபியர் 86,000. சென்னை மாகாணத்தார் 4,000. வங்காளம்? சுழி! மக்கள் தொகையில் எத்துணைப் பெரிய மாகாணம் வங்காளம்! அங்கே ஒரு வீரன்கூடப் பிறக்கவில்லையாம், நம்பச் சொல்கிறார்கள்.

1917-ல் ஆள் பற்றாமல் தவித்தபோது அதே வங்காளியரைக் கொண்டு 49-வது பட்டாலியனை அமைத்தவன் யார்? 1920-ல் கலைத்தவன் யார்? மகர் மக்களைத் தீண்டத்தகாதார் என்று 1890-களில் படைவாயிலில் நிறுத்திவிட்டு, 1917-ல் 111-வது மகர் பட்டாலியனைத் திரட்டி, 1921-ல் அதையும் ஒழித்தவன் யார்? அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் படையிலே சுபேதார். அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் வீர இனமல்லராம்!

பிறகு வந்தது இரண்டாம் உலகப் போர். இரண்டு லட்சம் பேர் கொண்ட படை இருபது லட்சத்தைத் தாண்டவேண்டிய நெருக்கடி. அப்போது தத்துவம் எங்கே போயிற்று? கிடங்கிற்குப் போயிற்று! 1941-ல் மகர் ரெஜிமெண்டு பிறந்தது. பீகார் ரெஜிமெண்டு பிறந்தது. அசாம் ரெஜிமெண்டு பிறந்தது. பதின்மூன்று ஆண்டுகள் செத்துக் கிடந்த மதராஸ் ரெஜிமெண்டு 1941-42-ல் உயிர்த்தெழுந்து பர்மாப் போர்முனைக்குச் சென்றது. பதின்மூன்று ஆண்டுகளில் இரத்தம் மாறிவிட்டதா? மாறியது வெள்ளையனின் தேவை. 1943-ல் சாமார் ரெஜிமெண்டு என்று ஒன்றை அமைத்தான். போர் ஓய்ந்ததும் 1946-ல் கலைத்தான். அதற்கு மறுவாழ்வு கிட்டவேயில்லை. கடைசியில் வந்தவனும் அவன்தான், முதலில் வெளியேற்றப்பட்டவனும் அவன்தான். சாதி ஏணியின் அடிப்படியில் நின்றவனும் அவன்தான்.

உயிர்த்தெழுந்த மதராஸ் ரெஜிமெண்டு பின்னர் தித்வாலிலும், 1965-ல் காளிதாரிலும் பெற்ற போர் விருதுகளை நான் விரித்துரைக்கப் போவதில்லை. உரைத்தால், 'பார்த்தாயா, நாமும் வீர இனமே!' என்று மேடையிலே முழங்க நம்மவர் சிலர் ஆயத்தமாகிவிடுவார்கள். அதுதான் எனக்குள்ள அச்சம். ராபர்ட்ஸ் எழுதிய பட்டியலில் நமக்கும் ஓரிடம் கேட்பதா நம் வேலை? ஆண்ட பரம்பரை, மறக்குடி என்று சாதிக்கொரு வாளைச் செதுக்கி ஊர்வலம் போகிறவர்கள், அறியாமலே அந்தப் பிரபுவின் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். உள்ளே விடச் சொல்லிக் கேட்பவன், வெளியே நிற்பவனை மறந்துவிடுவான்.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1949-ல், எல்லா வகுப்பாரும் கலந்த கார்ட்ஸ் படைப்பிரிவை அமைத்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் பழைய ரெஜிமெண்டுகளின் பெயர்களும், அப்பெயர்களுக்கேற்ற ஆள்சேர்ப்பும் பல இடங்களில் அப்படியே நீடித்தன. 2022 ஜூனில் அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோது, இனி ஆள் எடுப்பு அனைத்திந்திய, அனைத்து வகுப்பு அடிப்படையில் என்றது ஒன்றிய அரசு. வரவேற்கத்தக்க வரி. அதே அறிவிப்பின் இன்னொரு வரி: சேர்ந்தவர்களில் நான்காண்டுக்குப் பின் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிலைக்கலாம், மற்றவர்கள் ஓய்வூதியமின்றி ஊர் திரும்பவேண்டும். முதல் வரியைப் படித்துக்காட்டும் இடத்திலெல்லாம், தோழர்களே, இந்த இரண்டாவது வரியையும் சேர்த்தே படித்துக்காட்டுங்கள்.