தனிப் பத்திரிகை எதற்கு?

"ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள், இருக்கட்டும். சட்டமும் அவர்களை விட்டுவிட்டது, சந்தோஷம். ஆனால் அவர்களுக்கென்று தனியாக ஒரு பத்திரிகை எதற்கு?"

இலக்கியக் கூட்டங்களில் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். நாலு புத்தகம் படித்தவர்கள். பிறர் மனம் நோகப் பேசத் தெரியாதவர்கள். கோபமாகக்கூடக் கேட்பதில்லை. "எல்லோரும் மனிதர்கள்தானே, நடுவில் வேலி எதற்கு?" என்று பெருந்தன்மையோடு கேட்கிறார்கள். அந்தப் பெருந்தன்மையோடுதான் எனக்குச் சண்டை.

ஏனென்றால், இந்தக் கேள்வி புதியதல்ல. 1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வைத்தே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அன்றைக்கும் நாட்டில் பத்திரிகைகள் இருந்தன. அவை யாருக்காக எழுதப்பட்டன என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண்களுக்கென்று 'சக்கரவர்த்தினி' வந்தது. 1905இல் பாரதியார் அதற்கு ஆசிரியராக இருந்தார். 1925இல் வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தினார். வேறெங்கோ போவானேன்? எங்கள் காஞ்சிபுரத்திலிருந்தே 1942இல் அண்ணாதுரை 'திராவிட நாடு' இதழைக் கொண்டுவந்தார். பொதுவாக இருந்த பத்திரிகைகள் போதும் என்று இவர்களெல்லாம் நினைத்திருந்தால், இன்றைக்கு நாம் எந்தத் தமிழை, எந்த நியாயத்தைப் பேசிக்கொண்டிருப்போம்? பொது என்று சொல்லப்படும் இடத்தில் இடம் கிடைக்காதவன்தான் தனியாக ஒரு திண்ணை கட்டிக்கொள்கிறான். திண்ணை கட்டினவனைப் பார்த்து, "ஏனப்பா பிரிந்து போகிறாய்?" என்று கேட்பது என்ன நியாயம்?

'அன்புள்ள வாசகர்களே' என்று ஆரம்பிக்கிறது ஒரு பத்திரிகை. அந்த வாசகர் யார்? ஆணாக இருந்தால் அவருக்கு மனைவி இருக்கிறாள், அல்லது வரப்போகிறாள். பெண்ணாக இருந்தால் கணவன் இருக்கிறான், அல்லது ஜாதகம் கைமாறிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கான சமையல் குறிப்பு, அவர்களுக்கான சிரிப்புத் துணுக்கு, அவர்களுக்கான தொடர்கதை. இதில் தப்பில்லை; நானும் அந்த வாசகர்களுக்கு எழுதிப் பிழைக்கிறவன்தான். ஆனால் இந்தக் கணக்கில் சேராத ஒருவரும் அதே பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறார். வாரா வாரம் வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற மாதிரி படிக்கிறார். தம்மைப் போன்றவர் எப்போதாவது அந்தப் பக்கங்களில் தலைகாட்டினால், ஒன்று சிரிப்பதற்காக இருக்கும்; இல்லாவிட்டால் கதை முடிவில் சாவதற்காக இருக்கும்.

காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் செவிலிமேடு. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். பம்பாயில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜாதகதோஷம் என்று ஊர் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அவர் வீட்டு அலமாரியில், பட்டுப்புடவை வைக்கிற அட்டைப்பெட்டி ஒன்றில், புடவைக்குப் பதிலாக நாலு பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. 'பம்பாய் தோஸ்த்' என்று பெயர். 1990இல் அசோக் ராவ் கவியும் அவருடைய நண்பர்களும் பம்பாயில் தொடங்கியது. ஆங்கிலத்தோடு சில பக்கம் இந்தியும் இருக்கும். 'தோஸ்த்' என்றால் சிநேகிதன்.

"அண்ணே, இதுலே என்ன இருக்குன்னு இத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கதை, கட்டுரையெல்லாம் மறந்துபோச்சு தம்பி. கடிதம் வர்ற பக்கம் மட்டும் மறக்கலே. சின்னச் சின்ன ஊர்லேர்ந்து எழுதியிருப்பாங்க. உலகத்துலே நான் ஒருத்தன்தான் இப்பிடின்னு நெனச்சிட்டிருந்தேன். இல்லேன்னு தெரிஞ்சுது."

"நீங்க எழுதினீங்களா?"

"எழுதலே. ஆனா, எழுதினா போடுவாங்கன்னு இருந்திச்சில்லே? அதுவே பெரிசு."

தனிப் பத்திரிகை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவாக என்னால் பதில் சொல்ல முடியாது. அந்த மனிதருக்கு அந்தப் பத்திரிகை செய்தி சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை, யாரையும் தேடிக் கொடுக்கவுமில்லை. தாம் ஒரு கடிதம் எழுதினால் படிக்க ஆள் உண்டு என்ற ஒரே ஒரு நிச்சயத்தைக் கொடுத்தது. அந்த நிச்சயத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறார். 2002இல் பணமில்லாமல் அந்தப் பத்திரிகை நின்றது. 2009இல் மறுபடி வந்தது. நடுவில் அந்த ஏழு வருஷம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பழகின வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போயிட்ட மாதிரி இருந்திச்சு" என்றார்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, சட்டம்தான் மாறிவிட்டதே என்கிறார்கள். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் வெள்ளைக்காரன் எழுதி வைத்த 377ஆம் பிரிவை, வயது வந்தவர்கள் மனமொப்பி நடத்தும் வாழ்க்கைக்கு அது பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது உண்மைதான். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். 'பம்பாய் தோஸ்த்' வந்தது அதற்கு இருபத்தெட்டு வருஷம் முன்னால். கலிபோர்னியாவில் நம் நாட்டு இளைஞர்கள் 'திரிகோண்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தது 1986இல். பத்திரிகை முன்னால் போயிற்று. சட்டம் பின்னால் வந்தது. அதுவும் நேராக வரவில்லை. 2009இல் டில்லி ஹைகோர்ட் கொடுத்ததை 2013இல் சுப்ரீம் கோர்ட் பறித்துக்கொண்டது. பிறகு அதுவே 2018இல் திருப்பிக் கொடுத்தது. தவிரவும், நீ குற்றவாளி அல்ல என்று கோர்ட் சொல்லலாம். நீ தனியாக இல்லை என்று சொல்வது கோர்ட்டின் வேலையல்ல.

இரண்டாவது, இது மேல்நாட்டுச் சரக்கு என்கிறார்கள். சரி, நாவல் எந்த நாட்டுச் சரக்கு? வாரப் பத்திரிகை எந்த நாட்டுச் சரக்கு? எங்கள் ஊர்ப் பட்டுக்கு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்து முடித்ததும் அது காஞ்சிபுரம் பட்டு. அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்தில் உட்காரும்போது ஜரிகையின் ஊர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. பத்திரிகை என்ற உருவம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். அதைப் படிக்கிற ஏக்கம் செவிலிமேட்டிலேயே பிறந்தது. அது இறக்குமதியானதல்ல.

மூன்றாவது, ஆபாசம் என்கிறார்கள். இந்த வார்த்தை உலகமெங்கும் ஒரே மாதிரி உபயோகப்பட்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1953இல் 'ஒன்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். மறுவருஷம் அக்டோபர் இதழை, ஆபாசம் என்று சொல்லித் தபாலில் போகவிடாமல் நிறுத்திவிட்டார் அந்த ஊர்ப் போஸ்ட்மாஸ்டர். கீழ்க்கோர்ட்டுகள் இரண்டும் ஆமாம் போட்டன. 1958 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வாதம்கூடக் கேட்காமல் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. நம் பக்கத்தில், இஸ்மத் சுக்தாய் 1942இல் எழுதிய 'லிஹாஃப்' என்ற உருதுக் கதைக்காக அவரை லாகூர்க் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். கடைசியில் குற்றம் நிற்கவில்லை. ஆபாசம் உண்மையிலேயே எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், நம் சினிமா விளம்பரங்களைப் பார்த்தாலே போதும். அதையெல்லாம் நடு ஹாலில் குடும்பத்தோடு பார்க்கிறோம். இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் காப்பி போட்டுக் குடிக்கிற கதை என்றால் உடனே நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

நான்காவது, இளம் பிள்ளைகள் படித்துக் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். படிப்பதால் ஒருவருடைய ஆசை திசை மாறிவிடும் என்றால், ஆணும் பெண்ணும் காதலிக்கிற கதைகளை நாம் நூறு வருஷமாக வாரந்தவறாமல் எழுதித் தள்ளியிருக்கிறோமே! எங்கள் பெரியவர் அத்தனையும் படித்தவர். ஒரு தொடர்கதையாவது அவரை மாற்றியிருக்க வேண்டாமா? எழுத்தாளனுக்கு அத்தனை சக்தி இருந்தால் தேசம் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

கடைசியாக, செல்போனில்தான் எல்லாம் இருக்கிறதே என்கிறார்கள். இந்த வாதத்துக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுக்கிறேன். சென்னையில் 'ஓரினம்' என்ற குழு தமிழிலும் ஆங்கிலத்திலும் நல்ல எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. அதனால் பிழைத்தவர்கள் இருப்பார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். செல்போனில் தேடுகிறவனுக்கு நல்ல கடிதம் ஒன்று கிடைக்குமுன் வசைகள் நூறு கிடைக்கின்றன. இந்த ஊரில் பல வீடுகளில் பெண்ணின் கையில் இருக்கும் போனை அண்ணனும் பார்ப்பான், அப்பாவும் பார்ப்பார். பத்திரிகைக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். அச்சிட்டதற்குப் பொறுப்பு ஏற்கிறார். வாசகர் பெயரைக் காப்பாற்றுகிறார். 1956இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பெண்கள் சிலர் 'லாடர்' என்ற இதழைத் தொடங்கினார்கள். 'லாடர்' என்றால் ஏணி. முதல் இதழ் 175 பிரதிகள்தான். பழுப்பு உறையில் போட்டு அனுப்பினார்கள். உங்கள் பெயர் எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்து எழுதினார்கள். அதற்கும் முன்னால், 1947இல், லாஸ் ஏஞ்சல்ஸில் ஆபீஸில் டைப் அடிக்கிற ஒரு பெண், 'வைஸ் வெர்ஸா' என்று ஒரு பத்திரிகையைத் தாமே கார்பன் தாள் வைத்து அடித்துத் தெரிந்தவர்களிடம் கொடுத்தார். மொத்தம் ஒன்பது இதழ்கள். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு பிரதிதான். கைக்குக் கை மாறிப் போயிற்று. அதைப் படித்தவளுக்குக் கிடைத்தது வெறும் தகவல் அல்ல. தன்னை நினைத்து ஒருத்தி ராத்திரி உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறாள் என்ற நினைப்பு.

தமிழில் என்ன ஸ்திதி? மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம் பெண்களின் வழக்கு 2021இல் சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, மனநல நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். அவரைப் பற்றி எனக்கு மதிப்பு உண்டு. இவர்களை மரியாதையாகக் குறிப்பிடத் தமிழில் சொல் வேண்டும் என்று கோர்ட் வற்புறுத்தியபின், 2022இல் சர்க்கார் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. நல்லது. ஆனால் இரண்டாயிரம் வருஷம் காதலைப் பாடிய பாஷையில் ஒரு காதலுக்குப் பெயர் வைக்க கெஸட் தேவைப்பட்டிருக்கிறது என்றால், அது யாருக்குக் குறைவு? சொல்லைச் சர்க்கார் அச்சடிக்கலாம். அது வாயில் புழங்க வேண்டுமானால் கதையில் வர வேண்டும், கடிதத்தில் வர வேண்டும். திருநங்கையர் விஷயத்தில் அப்படி நடந்ததைக் கண்ணாலே பார்த்தோம். ரேவதி 2004இல் 'உணர்வும் உருவமும்' கொண்டுவந்தார். லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் 'நான், வித்யா' எழுதினார். அவர்களே பேனா எடுத்த பிறகுதான், கேலிச் சொல்லைத் தவிர வேறு சொல் தெரியாதிருந்த பலருக்கு நாக்குத் திருந்திற்று.

எங்கள் ஊரில் சாலைக் கிணறு என்று ஒன்று உண்டு. இராமாநுஜரோடு வந்த வேடன் மனைவிக்குத் தாகம். அவர் அந்தக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார் என்பது ஐதிகம். 'ஊரில் வேறு தண்ணீர் இல்லையா, உனக்குத் தனியாக எதற்கு?' என்று அவர் கேட்டதாக யாரும் சொன்னதில்லை. கொடுத்த பிறகுதான், வந்தவர்கள் யாரென்றே அவருக்குத் தெரிந்தது.

ஆகவே என் கட்சி சுருக்கமானது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்குத் தமிழில், அச்சில், மாதா மாதம் வருகிற பத்திரிகை வேண்டும். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக் கடைக் கயிற்றில் அப்படி ஒன்று தொங்கி நான் பார்த்ததில்லை, தொங்க வேண்டும். வாங்கக் கூச்சப்படுகிறவர்களுக்காகக் கிளை நூலகத்து மேஜையிலும் ஒரு பிரதி கிடக்க வேண்டும். இது தர்மம் கேட்பதல்ல. நம் ஊரில் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். எங்கள் பெரியவரும் வருஷந்தவறாமல் கட்டுகிறார். அவர் கட்டின பணத்தில் எனக்குப் பிடித்த பத்திரிகையெல்லாம் அங்கே வருகிறது. அவருக்குப் பிடித்தது ஒன்று வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதை, தனிப் பத்திரிகை எதற்கு என்று கேட்கிற அன்பர்கள்தாம் சொல்ல வேண்டும்.