விடைபெறும் வீரர்கள்

கலாசாலைகளில் ஆண்டு முடிவு நெருங்கினால் எங்கும் பிரியாவிடை உபசாரங்கள் நடைபெறுவது வழக்கம். கும்பகோணத்திலிருந்தும், அதனை ஒட்டிய தாராசுரத்திலிருந்தும், காவிரிப் பாசனத்தை நம்பி வாழும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கலாசாலை புகுந்து, மூன்று ஆண்டுகள் கைப்பந்துக் கோஷ்டியில் ஆடிப் பெயர் பெற்ற வாலிபர்களும் யுவதிகளும் பட்டப் பரீட்சையை எழுதிவிட்டு வெளியேறும் பருவம் அது. அவர்களுடைய ஆட்டத்தைக் களத்தின் ஓரத்தில் நின்று கண்டு களித்த அபிமானிகள் அவர்களுக்கு மாலையிடுகிறார்கள். உடன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசிப் பந்தயத்தில் இன்னார் அடித்த அடியையும், இன்னார் விழுந்து எடுத்த பந்தையும் பற்றி நெடுநேரம் பேசிப் பிரிகிறார்கள். இவ்வன்பு போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வபிமானிகளை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். மாலை வாடிய மறுநாள் அவ்வீரர்களின் ஆட்டம் என்னவாகிறது?

பந்தாட்டக்காரருக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று எள்ளுவோரும் நம்மிடையே உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. பார்ப்பார் இல்லாத ஆட்டம் வளர்ந்ததாக உலகில் சரித்திரம் இல்லை. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி நெப்ராஸ்கா சர்வகலாசாலைப் பெண்கள் ஆடிய ஒரு கைப்பந்துப் பந்தயத்தைக் காண லிங்கன் நகரத்து மைதானத்தில் 92,003 பேர் கூடினார்கள். ஒரு நாட்டின் பெண்கள் ஆட்டம் அவ்வளவு உயரத்துக்கு ஏறியதற்கு அந்த ஜனத்திரளின் அன்பும் ஒரு காரணம் அன்றோ? பருவத்தின் இறுதி உள்ளூர்ப் பந்தயத்தன்று, பட்டம் பெற்றுச் செல்லும் ஆட்டக்காரரைப் பெற்றோருடன் களத்துக்கு அழைத்துக் கௌரவிக்கும் வழக்கமும் அந்நாட்டுக் கலாசாலைகளில் உண்டு. நம்மவர் இடும் மாலை அதற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. மாலையோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவதையே நாம் ஆட்சேபிக்கிறோம்.

இந்த ஆட்டத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு நமது கவலையின் காரணம் எளிதில் விளங்கும். ஓட்டக்காரன் கலாசாலையை விட்ட பிறகும் விடியற்காலையில் ஆற்றங்கரைச் சாலையில் தனியே ஓடலாம். தண்டாலும் கர்லாவும் பழகியவனுக்கு வீட்டு முற்றம் போதும். கைப்பந்து ஆடுபவன் செய்வது என்ன? ஒரு புறத்தில் அறுவர் நிற்க வேண்டும். எதிர்ப்புறத்தில் வேறு அறுவர் வேண்டும். பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. வந்த கணத்திலேயே தள்ளிவிட வேண்டும். எடுத்துக் கொடுப்பவன் ஒருவன், வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பவன் ஒருவன், பாய்ந்து அடிப்பவன் ஒருவன் என்று மூன்று தொடுகையில் பந்து எதிர்க்களம் சேர வேண்டும். சர்வீஸ் கைமாறி வருந்தோறும் இடமும் மாற வேண்டுமாதலால் முன்வரிசையில் நிற்பவனே பின்வரிசைக்கும் செல்கிறான். இத்தகைய ஆட்டத்தைத் தனியொருவன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. கோஷ்டி கலைந்தால் அவன் கற்ற வித்தையும் அன்றே நின்றுபோகிறது.

கைப்பந்து நமது தேசத்துக்குப் புதிதன்று. 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் வில்லியம் மார்கன் என்பவர் வகுத்த ஆட்டம் அது. அச்சங்கத்தாரின் வாயிலாகவே நம் நாட்டுக்கும் வந்தது. 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஹாரி க்ரோ பக் என்பவர் தேகப்பயிற்சி ஆசிரியர்களைப் பழக்குவதற்காக ஒரு கலாசாலையைத் தொடங்கிய பிறகு, அங்கே பயின்றவர்கள் மூலம் இத்தகைய ஆட்டங்கள் பள்ளிக்கூடங்களில் பரவின. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளில் நமது தேசத்து ஆடவர் கோஷ்டி வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1986இல் ஸியோல் நகரில் வெண்கலம் பெற்றது. அர்ஜுனா விருது ஏற்படுத்தப்பட்ட 1961ஆம் ஆண்டிலேயே கைப்பந்துக்காக அதனைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. 1982இல் அவ்விருதைப் பெற்ற ஜி. இ. ஸ்ரீதரன் தமிழ்நாட்டின் புதல்வர். நம் தஞ்சை ஜில்லாவிலோ, தை மாதத்து அறுவடை முடிந்ததும் இரண்டு கம்பமும் ஒரு வலையும் நட்டுக் களம் அமைத்து, இரவில் மின்விளக்கு வெளிச்சத்தில் ஊருக்கு ஊர் பந்தயம் நடத்தும் கிராமங்கள் உண்டு. விரிப்பும் கட்டடமும் வேண்டாத இவ்வாட்டம் ஏழைகளின் ஆட்டமாக இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை.

அத்தகைய கிராமத்துக் களத்திலிருந்து வந்த சிறுவனைக் கலாசாலை ஏற்றுக்கொள்கிறது. பயிற்சியும் தோழரும் அங்கே கிடைக்கிறார்கள். கலாசாலைகளுக்கிடையே நடக்கும் பந்தயத்தில் ஆடி, தேறினால் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பெயரால் தென்பிராந்தியப் பந்தயத்துக்கும், அதற்கு அப்பாலும் செல்லலாம். மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிகின்றன. உடலும் புத்தியும் ஒருங்கே பக்குவப்பட்டு, ஆட்டத்தின் நுட்பம் கைவரும் சமயத்தில் பட்டம் வந்துவிடுகிறது. வயது 21. மிகச் சிலரை ரயில்வேயும், வங்கிகளும், போலீஸ் இலாகாவும் தங்கள் கோஷ்டிகளில் சேர்த்துக்கொள்கின்றன. தமிழக அரசாங்கம் தன் உத்தியோகங்களில் விளையாட்டு வீரருக்கு நூற்றுக்கு 3 என ஒதுக்கியிருப்பது நல்ல செயலே. தொழில்முறைப் பந்தயங்களும் வந்துள்ளன. 2019ஆம் ஆண்டில் நடந்த தொழில்முறைப் பந்தயத் தொடரில் சென்னைக் கோஷ்டியே வாகை சூடியது. ஆனால் இவ்வாயில்களெல்லாம் தேசிய அளவில் பெயர் பெற்றவர்க்கே திறக்கின்றன. ஜில்லா அளவில் நன்றாக ஆடிய பெரும்பாலோர் திருப்பூருக்கோ, சென்னைக்கோ, கடல் கடந்தோ பிழைப்புத் தேடிப் போகிறார்கள். ஊரில் தங்கியவர்களும் கடையிலோ தறியிலோ வயலிலோ முழுநேரமும் கட்டுண்டு, களத்தை எட்டிப் பார்ப்பதற்கும் பொழுதின்றி இருக்கிறார்கள்.

யுவதிகளின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. ஆண்பிள்ளைக்கு ஊர்த் திடலாவது உண்டு. பொங்கல் பந்தயத்தில் ஒரு நாளேனும் பழைய தோழரோடு ஆடலாம். பெண்ணுக்குக் கலாசாலை மைதானமே முதலும் கடைசியுமான களம். அதன் வாயிலைக் கடந்த அன்றே அவள் காலணியைக் கழற்றி வைக்கிறாள். மணமான பின் அவள் ஆடினாள் என்பதே புக்ககத்தார் அறியாத செய்தியாகிவிடுகிறது. 2.24 மீட்டர் உயரத்து வலைக்கு மேல் எழும்பிப் பந்தை அடித்த கரங்களுக்கு, அதன் பிறகு ஒரு நாளும் அப்பந்தைத் தொடும் பாக்கியம் இல்லை. மூன்று ஆண்டுகள் கைதட்டிய நாம் இதனைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது நியாயமாகுமா?

‘படிப்பும் பிழைப்பும் முக்கியம், ஆட்டம் பொழுதுபோக்குத்தானே?’ என்று சிலர் கேட்கலாம். 1897ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் பிரசங்கம் செய்த சுவாமி விவேகானந்தர், அதே பயணத்தில் சென்னைக்குச் சென்றபோது, நம் வாலிபர்களுக்கு முதலில் வேண்டுவது தேகபலம் என்றும், பந்தாடுவதே அவர்களைச் சுவர்க்கத்துக்கு அருகில் கொண்டு செல்லும் என்றும் உரைத்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். தாராசுரத்து ஐராவதேசுவரர் ஆலயத்தில், ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு புறத்து உடலை மறைத்துப் பார்த்தால் யானை. மறு புறத்தை மறைத்தால் காளை. கல்வியும் ஆட்டமும் ஒரே வாலிபனிடத்தில் அவ்வாறே இணைந்துள்ளன. ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றே முழு உருவம் என்பது பார்ப்பவரின் குறையேயாகும்.

பிழைப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பிழைப்பு வித்தையை விழுங்காமல் காக்க வேண்டும் என்றே சொல்கிறோம். இதற்குக் கும்பகோணத்திலேயே உதாரணம் உண்டு. 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன், கணிதம் நீங்கலான பாடங்களில் தவறியதால் அச்சம்பளத்தை இழந்தார். பரீட்சையும் பட்டமும் கைவிட்ட அம்மேதைக்கு 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். ராமாநுஜன் வேலை போகக் கிடைத்த பொழுதையெல்லாம் கணிதத்தில் செலவிட இடங்கொடுத்தார். மறு ஆண்டே கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போயிற்று. அதற்கு மறு ஆண்டு அவரே சென்றார். சிறிய உத்தியோகம்தான், ஆனால் வித்தையை உயிரோடு வைத்திருந்த உத்தியோகம். நம் பந்தாட்டக்காரருக்கு வேண்டுவதும் இத்தகைய ஆதரவே.

பிற நாட்டார் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயத்தில் முதன்முதலாகக் கைப்பந்து சேர்க்கப்பட்டபோது, ருஷ்யரை வென்று தங்கப் பதக்கம் கொண்ட ஜப்பானியப் பெண்களில் பெரும்பாலோர் கைஸூகா என்ற ஊரின் பஞ்சாலை ஒன்றைச் சேர்ந்தவர்கள். பகலில் ஆலையில் வேலை. மாலை தொடங்கி நள்ளிரவு வரையில் பயிற்சி. பள்ளிப் படிப்போடு அவர்களுடைய ஆட்டம் முடிந்திருந்தால் அப்பதக்கம் ஏது? அண்டையிலுள்ள மலையாளத்தையே பாருங்கள். பேராவூர் என்னும் சிற்றூரில் பிறந்த ஜிம்மி ஜார்ஜ், சர்வகலாசாலைக் கோஷ்டியில் ஆடிய பிறகு கேரளப் போலீஸில் இடம் பெற்றதனால் ஆட்டத்தைத் தொடர்ந்தார். இத்தாலி தேசத்துக் கோஷ்டிகள் அழைத்துக்கொள்ளும் நிலையை அடைந்தார். 1986இல் வெண்கலம் வென்ற நம் கோஷ்டியிலும் ஆடினார். திறமை அவருடையது, அது வீணாகாமல் காத்தது ஓர் உத்தியோகமும், ஊருக்கு ஊர் ஆட்டத்தைப் பேணும் அந்நாட்டு ஜனங்களும்.

தாராசுரமும் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். பட்டு நெய்யும் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கும்பகோணமோ பாத்திரத்துக்கும் வெற்றிலைக்கும் வாணிபத்துக்கும் பேர்போனது. 2021ஆம் ஆண்டில் கும்பகோணம் மாநகராட்சியானபோது தாராசுரமும் அதனுள் சேர்ந்தது. ஆகவே நாம் கூறும் யோசனைகளை நிறைவேற்ற ஸ்தல ஸ்தாபனமும் உண்டு, பொருளுடையாரும் உண்டு.

முதலாவது, ஊருக்கென்று ஒரு களம். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும், சுற்றிலும் ஓடியாடச் சிறிது இடமுமே தேவை. நம் பூமி களிமண் பூமி. ஐப்பசி மழையில் சேறாகும், கோடையில் வெடிக்கும். எனவே செம்மண்ணும் மணலும் கொட்டி மேடாக்கி நீர் வடிய வழி செய்தல் வேண்டும். பகலெல்லாம் உழைப்பவர் மாலையில் ஆட மின்விளக்கும் வேண்டும். இரண்டாவது, கலாசாலையை விட்டு வந்தவர்களைக் கொண்டு ஊரின் பெயரால் ஒரு கோஷ்டி. மூன்றாவது, பெண்களுக்கென்று தனி நேரமும், உடைமாற்ற ஓர் அறையும், வீடு திரும்பும்வரை தக்க துணையும். மணமான பெண்களும் தயக்கமின்றி வந்து ஆடும்படி அக்களம் இருத்தல் வேண்டும். நான்காவது, ஆட்டத்தில் தேர்ந்தவரைச் சுற்றுப் பள்ளிக்கூடங்களில் மாலைநேரப் பயிற்சியாளராக அமர்த்தி ஒரு சிறு ஊதியம் தருதல். ஐந்தாவது, உள்ளூர் வணிகரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆட்டக்காரருக்கு ஓரிடம் அளித்து, பயிற்சிக்கு மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக விடுதல். இவற்றுள் எதுவும் ஆகாத காரியமன்று. எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தை எதிர்பார்த்திருப்பது சுயராஜ்யம் பெற்ற ஜனங்களுக்கு அழகுமன்று. திருவிழாவுக்கும் தேருக்கும் தாமே பொருள் திரட்டிப் பழகிய ஊரார் ஒரு களத்துக்குத் திரட்ட முடியாதா?

இவற்றைத் தொடங்கி வைக்கத் தகுந்தவர்கள் அபிமானிகளே. ஆட்டத்தின் அருமை அறிந்தவர்கள் அவர்கள். ஆட்டக்காரரின் முகமும் பெயரும் ஊரும் அறிந்தவர்கள் அவர்கள். மாலைக்கும் விருந்துக்கும் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கினால், முதல் வலையும் பந்தும் வாங்கிவிடலாம். பிரிந்து செல்லும் வீரர்களின் பெயர்களையும் இருப்பிடத்தையும் எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் கலாசாலைக் கோஷ்டியோடு அவர்களை ஆடவைத்தால், கோஷ்டி கலையாமல் நிற்கும்.

தமிழர் வீட்டில் எவரையும் ‘போ’ என்று சொல்லி அனுப்புவதில்லை. செல்பவன் ‘போய் வருகிறேன்’ என்கிறான். இருப்பவர் ‘போய் வா’ என்கிறார்கள். பிரியாவிடை மேடையிலும் அச்சொல்லையே நாம் சொல்கிறோம். வந்தால் ஆடுவதற்குக் களம் இல்லாத ஊரார் அதைச் சொல்வதில் பொருளில்லை. விடைபெறும் வீரர்களும் வீராங்கனைகளும் எங்கும் மேன்மையுற வாழ்க என்று வாழ்த்துகிறோம். அவர்கள் அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும்போது தாராசுரத்தில் ஒரு வலை கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே அபிமானிகளிடம் நமது விண்ணப்பம்.