5 நாடுகளில் லீக் சாம்பியன்.. பிரேசிலின் 24 ஆண்டு ஏக்கத்தைத் தீர்ப்பாரா ஆன்சலோட்டி?

2026 ஃபிஃபா உலகக்கோப்பைக்கான குரூப் பட்டியல் டிசம்பர் 5-ம் தேதி வாஷிங்டனில் குலுக்கல் முறையில் முடிவானது. குரூப் ‘சி’-யில் பிரேசிலோடு மொராக்கோ, ஹைதி, ஸ்காட்லாந்து அணிகள் இருக்கின்றன. இதுவரை நடந்த எல்லா உலகக்கோப்பைகளிலும் ஆடிய ஒரே அணி, அதிகபட்சமாக 5 முறை கோப்பையை வென்ற அணி என்ற பெருமை பிரேசிலுக்கு உண்டு. அந்த அணி இந்த முறை ஓர் இத்தாலியரை நம்பிக் களமிறங்குகிறது. அவர் கார்லோ ஆன்சலோட்டி.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். கிரிக்கெட்டில் இது சகஜம்தான். 2011-ல் தோனி தலைமையிலான இந்திய அணி உலகக்கோப்பையை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் தென்னாப்பிரிக்காவின் கேரி கிர்ஸ்டன். 2019-ல் இங்கிலாந்து வென்றபோது இருந்தவர் ஆஸ்திரேலியாவின் டிரெவர் பெய்லிஸ்.

ஆனா கால்பந்தில் கதையே வேற. 1930 முதல் 2022 வரை 22 உலகக்கோப்பைகள் நடந்திருக்கின்றன. கோப்பையைத் தூக்கிய எல்லா அணிகளுக்கும் பயிற்சியாளர் சொந்த நாட்டுக்காரர்தான். வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இறுதிப்போட்டி வரை போனதே இரண்டு முறைதான். 1958-ல் ஸ்வீடனை இங்கிலாந்துக்காரரான ஜார்ஜ் ரேனர் கொண்டு சென்றார். 1978-ல் நெதர்லாந்தை ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஹாப்பல் கொண்டு சென்றார். இரண்டு பேருமே தோற்றார்கள். 1958-ல் ஸ்வீடனை 5-2 என வீழ்த்தியது இதே பிரேசில்தான்.

அப்படியிருக்க, பிரேசில் ஏன் இவரைத் தேடிப் போனது? இவரிடம் அப்படி என்ன இருக்கிறது?

யார் இந்த ஆன்சலோட்டி?

1959 ஜூன் 10-ம் தேதி இத்தாலியின் ரெஜ்ஜோலோ என்ற சிற்றூரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நடுக்கள வீரராக பார்மா, ரோமா, ஏசி மிலன் அணிகளுக்கு ஆடினார். மிலனில் இருந்தபோது 1989, 1990 என அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். அப்போது மிலனின் பயிற்சியாளர் அரிகோ சாக்கி. ஓய்வுக்குப் பிறகு அதே சாக்கிக்கு உதவியாளராக இத்தாலி தேசிய அணியில் சேர்ந்தார்.

1994 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் இத்தாலி பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது. ஜெயித்தது பிரேசில். அன்று தோற்ற அணியின் பெஞ்சில் இருந்தவர்தான் இன்று பிரேசிலின் பயிற்சியாளர்!

பாஜியோவை வேண்டாம் என்றவர்

இன்று ஆன்சலோட்டியை ‘வீரர்களுக்கு ஏற்ப வளைந்து கொடுப்பவர்’ என்கிறார்கள். தொடக்கத்தில் அவர் அப்படி இல்லை.

1996-ல் பார்மாவுக்கு வந்தபோது, சாக்கியிடம் கற்ற 4-4-2 வியூகத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். அந்த வியூகத்தில் முன்கள வீரர்களுக்குப் பின்னால் சுதந்திரமாக ஆடும் ‘நம்பர் 10’ வீரருக்கு இடமே கிடையாது. இத்தாலியின் நட்சத்திரம் ராபர்ட்டோ பாஜியோ பார்மாவுக்கு வர இருந்தார். தனக்குப் பிடித்த இடத்தில் ஆட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு ஒத்துக்கொள்ளாமல், அவரே வேண்டாம் என்றுவிட்டார் ஆன்சலோட்டி. அந்த முடிவு தவறு என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

மாற்றம் யுவென்டஸில் வந்தது. அங்கே இருந்தவர் ஜினெடின் ஜிடான். வியூகத்துக்காக ஜிடானை ஓரங்கட்ட முடியுமா? முடியாது. ஜிடானுக்காக வியூகம் மாறியது.

அடுத்து ஏசி மிலன். முன்னால் ஆடிய ஆண்ட்ரியா பிர்லோவைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நிறுத்தி, அங்கிருந்து ஆட்டத்தைக் கட்டமைக்க வைத்தார். ருய் கோஸ்டா, சீடார்ஃப், பின்னர் காகா என்று ஒரே அணியில் படைப்பாளிகள் கூடினார்கள். பாஜியோ ஒருத்தருக்கே இடமில்லை என்றவர், நாலைந்து ‘பாஜியோ’க்களுக்கு ஒரே அணியில் இடம் கண்டுபிடித்தார். 2003, 2007 என இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் கிடைத்தன.

அவர் நாடு நாடாக எடுத்துப் போனது இந்தப் பாடத்தைத்தான். முதலில் கையில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது, அதற்குப் பிறகு வியூகத்தை யோசிப்பது. பெப் கார்டியோலா அணி என்றால் பார்த்த உடனே தெரியும். ஆன்சலோட்டி அணியை அப்படி அடையாளம் சொல்ல முடியாது.

ஐந்து நாடு, ஐந்து லீக்

ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளையும் வென்ற ஒரே பயிற்சியாளர் ஆன்சலோட்டிதான்.

• இத்தாலி: ஏசி மிலன் (2004)
• இங்கிலாந்து: செல்சீ (2010)
• பிரான்ஸ்: பிஎஸ்ஜி (2013)
• ஜெர்மனி: பேயர்ன் மியூனிக் (2017)
• ஸ்பெயின்: ரியல் மாட்ரிட் (2022, 2024)

செல்சீயில் முதல் சீசனிலேயே 103 கோல்கள் அடித்து பிரீமியர் லீக்கையும், கூடவே எஃப்ஏ கோப்பையையும் வென்றது அவரது அணி. ரியல் மாட்ரிட்டில் 2014, 2022, 2024 என மூன்று சாம்பியன்ஸ் லீக். மிலனையும் சேர்த்தால் மொத்தம் 5. வேறு எந்தப் பயிற்சியாளரும் இத்தனை முறை வென்றதில்லை. ரியல் மாட்ரிட்டுக்கு மட்டும் இரண்டு தவணைகளில் 15 கோப்பைகள். அந்த கிளப்பின் வரலாற்றிலேயே இதுதான் அதிகம்.

அதே பட்டியலை இன்னொரு கோணத்திலும் படிக்கலாம். முப்பது ஆண்டு வாழ்க்கையில் லீக் கோப்பைகள் ஆறுதான். மிலனில் எட்டு சீசன் இருந்தும் ஒரே ஒரு லீக் கோப்பை. மாதக்கணக்கில் ஓடும் லீக்கைவிட, ‘இன்று ஜெயித்தே ஆக வேண்டும்’ என்ற நாக் அவுட் ஆட்டங்களில்தான் அவர் கெட்டிக்காரர் என்று ஒரு விமர்சனம் உண்டு. கிளப்புக்கு அது குறையாக இருக்கலாம். உலகக்கோப்பைக்குத் தயாராகும் நாட்டுக்கு அதுவே காரணமாகிவிட்டது.

ஜெயிச்சாலும் வேலை போகும்!

நாடு விட்டு நாடு போகும் பயிற்சியாளர் என்றால் ஏதோ சாதனைப் பயணம் போலத் தோன்றும். உண்மையில் பல இடங்களில் அவரை அனுப்பித்தான் வைத்தார்கள்.

2010-ல் செல்சீக்கு இரட்டைக் கோப்பை தந்தார். அடுத்த சீசனில் இரண்டாம் இடம். கடைசி லீக் ஆட்டம் முடிந்த அதே நாளில் வேலை போனது. 2014-ல் ரியல் மாட்ரிட்டுக்கு அவர்கள் 12 ஆண்டாகக் காத்திருந்த பத்தாவது ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார். 2015-ல் நீக்கப்பட்டார். 2019 டிசம்பரில் நேபோலி, சாம்பியன்ஸ் லீக்கில் கெங்க் அணியை 4-0 என வென்று அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது. வென்ற சில மணி நேரத்திலேயே பயிற்சியாளர் நீக்கம் என்று அறிவிப்பு வந்தது.

பேயர்ன் மியூனிக் கதை கொஞ்சம் வேறு. 2017 செப்டம்பரில் பிஎஸ்ஜியிடம் 3-0 என்று தோற்ற மறுநாளே நீக்கினார்கள். ஐந்து வீரர்கள் பயிற்சியாளருக்கு எதிராக இருந்தார்கள் என்று கிளப் தலைவர் உலி ஹோனஸ் வெளிப்படையாகவே சொன்னார். வீரர்களை அரவணைத்துப் போவதில் பெயர் வாங்கியவருக்கு, அந்த இடத்திலேயே அடி விழுந்தது. அவரது வழி எல்லா ஊரிலும் பலிக்கும் மந்திரம் அல்ல என்பதற்கு இது ஓர் உதாரணம்.

பிரேசில் ஏன் வெளியே தேடியது?

பிரேசில் கடைசியாக உலகக்கோப்பை வென்றது 2002-ல். அதன் பிறகு வெளியேறிய விதத்தைப் பாருங்கள்.

• 2006: பிரான்ஸ்
• 2010: நெதர்லாந்து
• 2014: ஜெர்மனி (சொந்த மண்ணில் 7-1)
• 2018: பெல்ஜியம்
• 2022: குரோஷியா

ஐந்து முறையும் நாக் அவுட்டில் வீழ்த்தியது ஐரோப்பிய அணி. அப்போ ஐரோப்பாவை உள்ளங்கை போல் அறிந்த ஒருவர் வேண்டும் என்ற வாதம் வலுத்தது. பிரேசில் கிளப்புகளில் அதற்கு முன்னோட்டமும் நடந்துவிட்டது. போர்ச்சுகலைச் சேர்ந்த ஜார்ஜ் ஜெசுஸ் 2019-ல் ஃபிளமெங்கோவுக்கும், அதே நாட்டின் ஆபெல் ஃபெரெய்ரா 2020, 2021-ல் பல்மெய்ராஸுக்கும் தென் அமெரிக்காவின் பெரிய கிளப் கோப்பையான லிபர்டடோரஸை வென்று கொடுத்தார்கள்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 2023-லேயே ஆன்சலோட்டி பெயர் அடிபட்டபோது, இத்தாலி 2022 உலகக்கோப்பைக்குத் தகுதி பெறவில்லையே, முதலில் அந்தப் பிரச்னையை அவர் தீர்க்கலாமே என்று கேட்டார் அதிபர் லூலா.

அவர் வருவார் என்று சொல்லிச் சொல்லியே பிரேசில் கால்பந்து கூட்டமைப்பு இரண்டு ஆண்டுகளைக் கடத்தியது. 2024 கோபா அமெரிக்காவுக்குள் வந்துவிடுவார் என்றார்கள். அவரோ 2023 டிசம்பரில் மாட்ரிட்டுடன் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். இடையில் ரமோன் மெனெசெஸ், ஃபெர்னாண்டோ டினிஸ், டோரிவால் ஜூனியர் என மூன்று பேர் வந்து போனார்கள். டினிஸ் காலத்தில், உலகக்கோப்பை தகுதிச்சுற்றில் முதல்முறையாக சொந்த மண்ணில் தோற்றது பிரேசில். 2025 மார்ச்சில் அர்ஜென்டினாவிடம் 4-1 என்ற தோல்வி, டோரிவாலின் பதவியைக் காவு வாங்கியது.

2025 மே 12-ல் ஆன்சலோட்டி நியமனத்தை கூட்டமைப்பு அறிவித்தது. மூன்றே நாளில், அறிவித்த தலைவர் எட்னால்டோ ரோட்ரிக்ஸை நீதிமன்றம் பதவியிலிருந்து நீக்கியது! மே 26-ல் ஆன்சலோட்டி ரியோவில் பொறுப்பேற்றபோது, அவரை வரவேற்றது முந்தைய நாள்தான் தேர்வான புதிய தலைவர்.

கிளப் வேறு, தேசிய அணி வேறு

ஆன்சலோட்டியின் பலமே தினசரி உறவுதான். காலையில் பயிற்சி, மதியம் ஒன்றாகச் சாப்பாடு, யாருக்கு என்ன மனநிலை என்று பார்த்து அடுத்த ஆட்டத்துக்கு மாற்றம். தேசிய அணியில் அதற்கு வாய்ப்பே இல்லை. ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என நான்கு முறை கூடி, எட்டு ஆட்டம் ஆடினார்கள். அவ்வளவுதான் 2025-ல் அவருக்குக் கிடைத்த நேரம்.

கிளப்பில் ஓர் இடத்துக்கு ஆள் இல்லை என்றால் விலைக்கு வாங்கலாம். நாட்டுக்கு வாங்க முடியாது. ஆனால் ‘கையில் இருப்பதை வைத்துச் சமைப்பது’ அவருக்குப் புதிதும் இல்லை. வினிசியஸ், ரோட்ரிகோ, மிலிட்டாவ், கேசமிரோ ஆகியோரை மாட்ரிட்டிலேயே நன்றாக அறிந்தவர். முதல் அணித் தேர்விலேயே கேசமிரோவைத் திரும்ப அழைத்தார். 18 வயது எஸ்தெவாவை நம்பி இறக்கினார், அவரும் கோல்களாக அடித்தார். நெய்மரை மட்டும் இந்த எட்டு ஆட்டங்களில் ஒன்றில்கூடப் பார்க்க முடியவில்லை.

முடிவுகள் கலவைதான். பராகுவேயை 1-0 என வென்று உலகக்கோப்பை இடத்தை உறுதி செய்த நாள், அவரது 66-வது பிறந்தநாள். சிலியை 3-0, தென்கொரியாவை 5-0, செனகலை 2-0 என வென்றார்கள். ஈக்வடார், துனிசியாவோடு டிரா. 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் எல் ஆல்ட்டோவில் பொலிவியாவிடம் தோல்வி. 2-0 என முன்னிலையில் இருந்தும் ஜப்பானிடம் 3-2 என்று தோல்வி. ஜப்பானிடம் பிரேசில் தோற்றது வரலாற்றில் அதுதான் முதல்முறை.

சிக்கல் எங்கே இருக்கு?

தகுதிச்சுற்றில் பிரேசில் ஐந்தாவது இடம். 18 ஆட்டங்களில் 6 தோல்வி. இதில் ஐந்து தோல்விகள் ஆன்சலோட்டி வருவதற்கு முன்பே வந்தவை. இரண்டரை ஆண்டில் நான்கு பயிற்சியாளர்களை மாற்றியது, தலைவர் யார் என்பதையே நீதிமன்றம் முடிவு செய்தது எல்லாம் கூட்டமைப்பின் வேலை. பயிற்சியாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதைச் சரிசெய்ய அவரிடம் அதிகாரம் கிடையாது.

அதனால்தான் இந்த நியமனத்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஜெயித்தால், ‘சரியான ஆளைப் பிடித்தோம்’ என்று கூட்டமைப்பு மார்தட்டிக்கொள்ளும். தோற்றால், ‘வெளிநாட்டுக்காரர், நம்ம ஆட்டம் அவருக்குப் புரியல’ என்று பழியை இறக்கி வைக்க ஆள் தயார். இரண்டிலுமே உள்ளே இருக்கும் குழப்பத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆன்சலோட்டிக்கு இது பழகிய கதை. கோப்பையோடும் அனுப்பியிருக்கிறார்கள், வெற்றி பெற்ற இரவிலும் அனுப்பியிருக்கிறார்கள். பிரேசிலுக்குத்தான் இது முதல்முறை. 1925, 1944, 1965-ல் வெளிநாட்டவர் சில ஆட்டங்களுக்குப் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள், உலகக்கோப்பைக்கு அழைத்துப் போனதில்லை. ஜூன் 13-ம் தேதி நியூ ஜெர்சியில் முதல் ஆட்டம். எதிரணி, 2022-ல் அரையிறுதி வரை வந்த மொராக்கோ. 1970-க்கும் 1994-க்கும் நடுவில் பிரேசில் கோப்பைக்காகக் காத்திருந்தது 24 ஆண்டுகள். 2002-ல் இருந்து எண்ணினால் இப்போதும் 24. போன முறை காத்திருப்பு முடிந்தது, ஆன்சலோட்டி எதிரணியில் இருந்தபோது.